இன்டர்நெட் ஆர்கைவ்: இயங்கும் நிலையில் கிடைக்கும் அரும்பொருட்கள்

இணையத்தில் விந்தைகளைத் தேடிச் செல்பவர்களுக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, விந்தையைப் பற்றிய செய்தியாக மட்டுமே இருக்கிறது. பழைய விளம்பரப் படத்தின் சில விநாடித் துணுக்கு, வழக்கொழிந்த மென்பொருளின் ஒற்றைத் திரைப்பிடிப்பு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஓர் ஒலிப்பதிவு ஆகியவை வியப்பை எழுப்பிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. முழுப் படம் எங்கே, அந்த மென்பொருளைத் தொட்டுப் பார்க்க முடியுமா, ஒலிப்பதிவைச் செய்தவர் யார் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை இருப்பதில்லை. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவசச் சேவையை ஊடகம், கலை, தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஆர்வமுள்ள எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பதற்கான முதல் காரணம், அங்கே பொருளே நம் கைக்கு வருகிறது என்பதுதான். மென்பொருள் இயங்குகிறது, படம் தொடக்கம் முதல் இறுதி வரை ஓடுகிறது, இசைத்தட்டு அதன் கீறல் ஒலியோடு சுழல்கிறது.

இதை 1996-இல் புரூஸ்டர் கேல் என்ற கணினிப் பொறியாளர் சான் பிரான்சிஸ்கோவில் இலாப நோக்கமற்ற நூலகமாகத் தொடங்கினார். இன்று அதன் தலைமையகம் இருப்பது முன்னாள் தேவாலயக் கட்டடம் ஒன்றில். வழிபாட்டுக் கூடமாக இருந்த பெரிய அறையின் ஒரு பக்கத்தில் சர்வர் அடுக்குகள் நிற்கின்றன. உலகின் எங்கோ ஒருவர் ஒரு கோப்பைத் திறக்கும்போது அவற்றில் ஒரு விளக்கு மின்னுகிறது. பெரும்பாலானோருக்கு இந்த நிறுவனம் அழிந்த இணையப் பக்கங்களைக் காட்டும் வேபேக் மெஷின் மூலமாகவே அறிமுகம். அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். ஏனெனில் இந்தச் சேவையின் உண்மையான செழுமை மென்பொருள் பிரிவில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தனிநபர் கணினியை அலுவலக மேசைக்குக் கொண்டுசேர்த்த மென்பொருள் அது என்று கணினி வரலாறு பேசும் எல்லா நூல்களும் சொல்லும். அந்த ஒற்றை வரியைப் படிப்பதற்கும், இன்டர்நெட் ஆர்கைவில் அதைத் திறந்து இரண்டு எண்களை உள்ளிட்டு, மூன்றாவது கட்டத்தில் ஒரு சூத்திரத்தை எழுதி, முதல் எண்ணை மாற்றியதும் விடை தானாக மாறுவதைப் பார்ப்பதற்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. கட்டம் விட்டுக் கட்டம் நகர முயலும்போது இன்னொன்றும் புலப்படும். அந்தக் காலத்து ஆப்பிள் 2 விசைப்பலகையில் இடது, வலது அம்பு விசைகள் மட்டுமே இருந்தன. மேலும் கீழும் செல்ல விசை இல்லை. ஆகவே, இடைவெளி விசையை அழுத்தினால் அதே இரண்டு அம்புகள் மேல், கீழ் விசைகளாக மாறிவிடும்படி விசிகால்க்கை வடிவமைத்திருந்தார்கள். எந்தத் திசையில் இருக்கிறோம் என்பதைத் திரையின் மூலையில் ஒரு சிறு குறி காட்டும். வன்பொருளின் குறையை ஒரு வடிவமைப்பாளர் எப்படி எதிர்கொண்டார் என்பதை நம் விரல்களாலேயே அறிந்துகொள்ள வைக்கும் இந்த அனுபவத்தைத் திரைப்பிடிப்பு எதுவும் தந்துவிட முடியாது.

இது இயங்கும் முறையும் கவனிக்கத் தக்கது. பழைய கணினியின் செயலி, நினைவகம், திரை ஆகிய அனைத்தையும் மென்பொருளாகவே உருவாக்கிக் காட்டும் எமுலேட்டர்கள் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அவற்றைத் தரவிறக்கி, நிறுவி, அமைப்புகளைச் சரிசெய்து, உரிய கோப்புகளைத் தேடி எடுத்துப் பொருத்துவதற்குள் ஆர்வம் பாதி வடிந்துவிடும். மேம், டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர்களை எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியின் உதவியால் உலாவியிலேயே இயங்கும்படி மாற்றியதன் மூலம் இந்தச் சேவை அந்தத் தடைகளை நீக்கியது. 2013-இல் வரலாற்றுச் சிறப்புள்ள மென்பொருட்களின் தொகுப்பும், 2014-இல் நாணயம் போட்டு விளையாடும் ஆர்கேடு விளையாட்டுகளும், அடுத்த ஆண்டு எம்எஸ்-டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான விளையாட்டுகளும் சேர்ந்தன. அடோபி நிறுவனம் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு பிளாஷ் மென்பொருளைக் கைவிட்டபோது, ஒரு தலைமுறையின் அசைபடங்களும் இணைய விளையாட்டுகளும் ஒரே நாளில் ஊமையாகிவிடும் நிலை இருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ரபிள் என்ற எமுலேட்டரைச் சேர்த்து, அந்தப் படைப்புகளைத் தொடர்ந்து இயங்கச் செய்தார்கள். இணையத்துக்கு முன்பே, ஒரு சொல்லைச் சொடுக்கினால் இன்னோர் அட்டைக்குத் தாவும் வசதியை எளிய பயனர்களின் கையில் கொடுத்த ஆப்பிளின் ஹைப்பர்கார்டு 1987-இல் வெளிவந்தது. அதன் முப்பதாவது ஆண்டில் தொடங்கப்பட்ட தொகுப்பில், ஆசிரியர்களும் மாணவர்களும் பொழுதுபோக்குக்காக எழுதியவர்களும் செய்த அட்டைக் கட்டுகளை இன்று சொடுக்கிச் சொடுக்கிப் படிக்கலாம். தொழில்முறை நிரலாளர் அல்லாதவர்கள் கணினியைத் தம் குறிப்பேடாகவும் ஓவியப் பலகையாகவும் ஆக்கிக்கொண்ட அந்தக் காலத்தின் உற்சாகம், கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன அந்தப் பக்கங்களில் இன்னும் குறையவில்லை.

இந்தப் பிரிவில் எல்லோரும் ஒருமுறையேனும் நுழைய வேண்டிய மூலை, 2016-இல் திறக்கப்பட்ட மால்வேர் அருங்காட்சியகம். 1980-களிலும் 1990-களிலும் எம்எஸ்-டாஸ் கணினிகளைத் தாக்கிய வைரஸ் நிரல்களை, கோப்புகளை அழிக்கும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, பாதுகாப்பு ஆய்வாளர் மிக்கோ ஹிப்போனன் அங்கே காட்சிக்கு வைத்தார். கேசினோ என்ற நிரல், வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணையை அழித்துவிட்டதாகவும், அதன் ஒரே நகல் நினைவகத்தில் இருப்பதாகவும் அறிவித்துவிட்டு, அதைத் திரும்பப் பெற ஒரு சூதாட்டப் பொறியைச் சுழற்றச் சொல்கிறது. வேறொன்று, செவ்வாய்க் கோளின் நிலப்பரப்பின் மேல் பறப்பது போன்ற காட்சியை வரைந்து காட்டுகிறது. இவற்றை எழுதியவர்கள் பிறர் கணினிகளுக்குத் தீங்கு செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மிகச் சிறிய கோப்புக்குள் இத்தகைய அசைவை அடக்கிய திறனைக் காணும்போது, இன்றைய தாக்குதல் நிரல்கள் ஓசையின்றி ஒளிந்திருக்க விரும்புவதற்கும், அன்றைய நிரல்கள் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பியதற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகப் புரிகிறது. தீங்கைக் களைந்துவிட்டு வடிவத்தை மட்டும் காப்பது என்ற முடிவு சரியான முடிவு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் இந்த எமுலேட்டர்கள் ஏறக்குறைய பயனற்றவை; விசைப்பலகையை நம்பி எழுதப்பட்ட மென்பொருளைத் தொடுதிரையில் இயக்குவது இயலாத செயல். உலாவித் தாவலை மூடினால் பெரும்பாலும் விளையாட்டின் முன்னேற்றமோ எழுதிய கோப்போ எஞ்சுவதில்லை. எந்த விசை என்ன செய்யும் என்ற குறிப்பு பல பக்கங்களில் இல்லை. பழைய கையேடுகள் அதே தளத்தில் வேறு இடத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. ஆனால் மென்பொருளின் பக்கத்திலிருந்து அவற்றுக்கு இணைப்பு கொடுக்கும் வழக்கம் பரவலாக இல்லை. இந்த ஒன்றைச் செய்தாலே புதியவர்கள் பாதியில் விலகிச் செல்வது பெரிதும் குறையும்.

ஒலிப் பிரிவில் என்னை மிகவும் கவர்ந்தது, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளை எண்மப்படுத்திய (டிஜிட்டல் வடிவுக்கு மாற்றிய) தொகுப்பு. அரக்கைச் சேர்த்துச் செய்யப்பட்ட இந்தத் தட்டுகள் கைதவறினால் உடைந்துவிடும். நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி தட்டை வெட்டிய காலம் அது என்பதால், ஒலி பதிந்த பள்ளத்தின் அகலமும் வடிவமும் தட்டுக்குத் தட்டு வேறுபட்டன. பொருந்தாத ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் தேய்ந்த பகுதியில் உரசி இரைச்சலை மிகுதியாக்கும். பொருத்தமான ஊசி, தேயாத சுவரைத் தொட்டுத் தெளிவான ஒலியைத் தரும். எது பொருந்தும் என்பது கேட்டுப் பார்க்கும் வரை தெரியாது. இதற்கு எண்மப்படுத்தியவர்கள் கண்ட தீர்வு, நான்கு தாங்கிகள் பொருத்திய சுழல்மேடையில் வெவ்வேறு அளவுள்ள நான்கு ஊசிகளால் ஒரே நேரத்தில் பதிவுசெய்வது. அந்த நான்கு பதிவுகளும், ஒலிச் சமநிலை திருத்தியவையும் திருத்தாதவையுமாக, தட்டின் பக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளன. ஒலிப் பொறியாளர் சிறந்தது என்று கருதியதை எளிய பெயருடன் முன்னால் வைத்திருக்கிறார்கள். கீறல் ஒலியை அகற்றி மெருகேற்றும் வேலையை அவர்கள் செய்யவில்லை. நல்ல தலையணி ஒலிப்பானை அணிந்துகொண்டு ஒரே பாடலை நான்கு ஊசிகளிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றில் பாடகரின் குரல் முன்னே வரும், இன்னொன்றில் தாள வாத்தியம் மேலெழும், வேறொன்றில் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். ஒலிப்பதிவு என்பது முன்பே நிகழ்ந்து முடிந்த ஒன்று என்ற எண்ணத்தை இந்த அனுபவம் மாற்றிவிடுகிறது. அதைத் தட்டிலிருந்து எடுப்பதும் ஒரு வாசிப்பாகவே இருக்கிறது. இந்தத் தொகுப்பின் மீது 2023-இல் பெரிய இசை நிறுவனங்கள் பதிப்புரிமை வழக்குத் தொடுத்து, 2025-இல் அது சமரசத்தில் முடிந்தது.

இதே பிரிவில், பதிவுசெய்துகொள்ள ரசிகர்களுக்கு அனுமதி அளித்த குழுக்களின் மேடை நிகழ்ச்சிகள் 2002 முதல் சேர்ந்துவருகின்றன. தரம் குறையாத கோப்பு வடிவங்களில் கிடைப்பதாலும், எந்த ஒலிவாங்கியால் அரங்கின் எந்தப் பகுதியிலிருந்து பதிவானது என்ற விவரம் பெரும்பாலும் தரப்பட்டிருப்பதாலும் அது மிக ஒழுங்கான தொகுப்பாக இருக்கிறது. அதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் கேமார்ட் கடைகளில் 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் பின்னணியாக ஒலித்த ஒலிநாடாக்களை, அங்கே பணிபுரிந்த ஒருவர் தூக்கியெறியாமல் வைத்திருந்து பதிவேற்றியிருக்கிறார். மென்மையான வாத்திய இசைக்கு நடுவே தள்ளுபடி அறிவிப்பு வரும். பிறகு இசை தொடரும். யாரும் கவனித்துக் கேட்பதற்காகச் செய்யப்படாத ஒன்றைக் கவனித்துக் கேட்கும்போது, ஒரு காலத்தின் வணிகம் தன் வாடிக்கையாளரை எந்தக் குரலில் விளித்தது என்பது பதிவாகியிருப்பதை உணர்கிறோம். இத்தகைய பொருளை வேறெந்த நூலகமும் கேட்டு வாங்கியிருக்காது.

திரைப்படப் பிரிவில் பிரெலிங்கர் தொகுப்பு ஒன்றே ஒரு மாதத்துக்குப் போதுமானது. ரிக் பிரெலிங்கர் 1980-களில் சேகரிக்கத் தொடங்கிய இந்தப் படங்கள் பயன்பாட்டுக்காக எடுக்கப்பட்டவை: தொழிற்சாலைப் பயிற்சிப் படங்கள், பள்ளிகளுக்கான நன்னடத்தைப் படங்கள், கார் விளம்பரங்கள், குடும்பங்கள் தாமே எடுத்த சுருள்கள். அணுகுண்டு வெடித்தால் மேசைக்கு அடியில் பதுங்குமாறு பள்ளிக் குழந்தைகளுக்கு ஓர் ஆமையின் வாயிலாகச் சொல்லும் 1950-களின் அமெரிக்க அரசுப் படத்தின் துணுக்கைப் பலர் எங்கேனும் பார்த்திருப்பார்கள். அதை முழுமையாகப் பார்ப்பது வேறு. துணுக்கில் வேடிக்கையாகத் தெரிவது, முழுப் படத்தில் குழந்தைகளின் அன்றாடப் பாதை நெடுகிலும், மிதிவண்டியில் செல்லும்போதும் உணவு உண்ணும்போதும், அதே அச்சம் பொறுமையாக விதைக்கப்படுவதாகத் தெரிகிறது. இந்தத் தொகுப்பின் பல படங்களைத் தரவிறக்கிப் புதிய படைப்புகளில் பயன்படுத்தவும் அனுமதி உண்டு என்பதால், ஆவணப்பட இயக்குநர்களும் ஓவியக் கலைஞர்களும் இதைச் சுரங்கம்போல் அகழ்ந்து வருகிறார்கள்.

பிலடெல்பியாவில் வாழ்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர், 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2012-இல் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவுசெய்து சேர்த்த ஏறத்தாழ 70,000 ஒளிநாடாக்களும் இந்த நிறுவனத்திடமே வந்துசேர்ந்தன. ஆனால் நாடா ஓடும் நேரம் முழுவதும் எண்மப்படுத்தவும் தேவைப்படும் என்பதால், இணையத்தில் கிடைப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே என்பதை எதிர்பார்த்துச் செல்ல வேண்டும்.

இனி வேபேக் மெஷின். 2001-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இது, 2025 அக்டோபரில் 1 லட்சம் கோடிப் பக்கங்களைச் சேமித்த நிலையை எட்டியது. முகவரியை உள்ளிட்டால் ஒரு நாட்காட்டி வருகிறது. நீல வட்டம் உள்ள நாளில் பக்கம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, பச்சை வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டதைக் குறிக்கிறது, ஆரஞ்சும் சிவப்பும் அன்று பிழை ஏற்பட்டதைச் சொல்கின்றன. நிறங்களின் பொருளை அறிந்து நீல வட்டங்களை மட்டும் சொடுக்கினால் வீணாகும் நேரம் பெரிதும் குறையும். இதன் வழியாகச் செல்லும் அரிய வழிகளில் ஒன்று, தனிநபர்கள் தம் பக்கங்களைக் கட்டிக்கொண்ட, 2009-இல் யாஹூ மூடிவிட்ட ஜியோசிட்டீஸ் தளத்தின் அசையும் படங்களைத் தேட உதவும் கிஃப்சிட்டீஸ். சுழலும் பூமி, எரியும் தீப்பந்தம், பணி நடைபெறுகிறது என்று சொல்லும் மண்வெட்டிக்காரர் என ஏதேனும் ஒன்றைச் சொடுக்கினால், அது ஒட்டப்பட்டிருந்த தனிநபர் பக்கத்துக்கே நாம் சென்றுசேர்கிறோம். அலங்காரமாகத் தனித்துத் தெரிந்த படம், ஒருவர் தம் பூனைக்காகவோ தம் விருப்பப் பாடகருக்காகவோ கட்டிய பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பது அங்கே தெரிகிறது.

வேபேக் மெஷினை ஆய்வுக்கோ கட்டுரைக்கோ பயன்படுத்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு பக்கத்தின் எழுத்துப் பகுதி ஒரு நாளிலும், அதிலுள்ள படங்கள் வேறொரு நாளிலும் சேமிக்கப்பட்டிருக்கலாம். திறக்கும்போது அருகிலுள்ள நாளின் படங்களை எடுத்து ஒன்றாகப் பொருத்திக் காட்டுவதால், நாம் காணும் பக்கம் அந்த வடிவில் எந்த நாளிலும் இருந்திராத ஒன்றாகக்கூட இருக்கலாம். மேலே தெரியும் தேதியை மட்டும் நம்பி, இந்த நாளில் இந்தப் படம் இருந்தது என்று எழுதிவிடுவது தவறாக முடியக்கூடும். பக்கத்தின் கூறுகள் எந்தெந்த நேரத்தில் பிடிக்கப்பட்டவை என்பதைக் காட்டும் வசதி மேற்பட்டையில் உள்ளது; அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் தேவை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பெரிதும் சார்ந்த பிற்காலப் பக்கங்கள் பல நேரங்களில் வெற்றுத் திரையாகவே வருகின்றன. 1990-களின் எளிய பக்கங்கள் அவற்றைவிட நன்றாகப் பிழைத்திருக்கின்றன.

இவ்வளவு செல்வத்தையும் வைத்துக்கொண்டு, தேடும் வசதியை இவ்வளவு பலவீனமாக வைத்திருப்பது இந்தச் சேவையின் ஆகப் பெரிய குறை. யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம் என்பதால் தலைப்பும் ஆண்டும் குறிச்சொற்களும் பதிவேற்றியவரின் மனப்போக்குக்கு ஏற்ப அமைகின்றன; ஆண்டு என்ற இடத்தில் படைப்பு வெளிவந்த ஆண்டுக்குப் பதிலாகப் பதிவேற்றிய ஆண்டு இருப்பதை அடிக்கடி காண்கிறேன். தேடல் பெட்டி இயல்பாக இந்த விவரக்குறிப்புகளில் மட்டுமே தேடுகிறது. நூல்களின் உள்ளே தேட வேண்டுமானால் அதற்கான தெரிவை நாமே மாற்ற வேண்டும். என் அனுபவத்தில் பயன் தரும் வழி, தேடுவதைவிட உலவுவது. நல்ல பொருள் ஒன்று கிடைத்ததும் அதன் பக்கத்தின் அடியில் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று பார்த்து அந்தத் தொகுப்புக்குள் நுழைய வேண்டும். அதைப் பதிவேற்றியவர் வேறு என்னென்ன சேர்த்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அக்கறையுள்ள ஒரு சேகரிப்பாளரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் வழியே நூறு பொருட்கள் ஒழுங்காகக் கிடைக்கும்.

நம்பகத்தன்மையைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் ஏறத்தாழ 3.1 கோடிக் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கம் செய்த கடவுச்சொற்களும் கசிந்தன. தளம் பல நாட்கள் முடங்கி, பின்னர் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் படிப்படியாகத் திரும்பியது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பெரும்பாலும் கணக்கு தேவையில்லை. நூல் இரவல் பெறவோ பதிவேற்றவோ கணக்கு தொடங்குபவர்கள் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை இடுவது அவசியம். நூல் இரவல் பிரிவு முன்புபோல் இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நான்கு பெரிய பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த பதிப்புரிமை வழக்கில் 2023-இல் வந்த தீர்ப்பு இந்த நிறுவனத்துக்கு எதிராக அமைந்ததால், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன; 2024 செப்டம்பரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பும் எதிராகவே அமைந்தது. எழுத்தாளருக்குக் கிடைக்க வேண்டிய ஊதியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரவல் பெற்றுப் படித்துவந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு.

ஆகவே இந்தச் சேவையைப் பயன்படுத்தும் முறையில் ஒரு வழக்கத்தை வலியுறுத்திச் சொல்வேன். பொதுப் பயன்பாட்டுக்கு உரியதாக வைக்கப்பட்ட ஏறத்தாழ ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும், வலப்புறத்தில் தரவிறக்கும் வடிவங்களின் பட்டியலும், எல்லாக் கோப்புகளையும் காட்டும் இணைப்பும், பெரிய கோப்பைத் துண்டு துண்டாகத் தரவிறக்க உதவும் டொரண்ட் கோப்பும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் முதலில் தெரிவது பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவம். பதிவேற்றியவர் கொடுத்த மூலக் கோப்பு முழுப் பட்டியலுக்குள் இருக்கும், அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய கோப்புகள் நேரடித் தரவிறக்கத்தில் பாதியில் நின்றுபோவதுண்டு. அப்போது டொரண்ட் வழி விட்ட இடத்திலிருந்து தொடரும். விவரக்குறிப்புக் கோப்பையும் உடன் சேமித்துக்கொண்டால், பல ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போதும் அந்தப் பொருள் யாரிடமிருந்து, எந்த ஊசியால், எந்த நாடாவிலிருந்து வந்தது என்பது தெரியும்.